ஒரே தேர்வு, ஐம்பது உரிமம்

அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றின் தென்கரையில் போர்ட்லண்ட் நகரம் இருக்கிறது. அது ஓரிகன் மாநிலம். வடகரையில் வான்கூவர், அது வாஷிங்டன் மாநிலம். நடுவில் இரண்டு நெடுஞ்சாலைப் பாலங்கள். இந்தக் கரையில் வீடும் அந்தக் கரையில் வேலையுமாக இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கடைச் சிப்பந்தியோ மென்பொருள் எழுதுபவரோ ஆற்றைக் கடக்க யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. நர்ஸ் கேட்க வேண்டும். போர்ட்லண்டில் இருபது ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியவராக இருந்தாலும், ஓரிகன் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு வான்கூவர் மருத்துவமனையில் ஓர் ஊசி கூடப் போட முடியாது. ஆனால் நாட்டின் எதிர்க்கோடியான ஃபுளோரிடாவில் குடியிருந்து அங்கே பலமாநில உரிமம் பெற்ற நர்ஸ் விமானம் ஏறி வந்து அதே மருத்துவமனையில் பணியில் சேரலாம்; சட்டம் குறுக்கே நிற்காது. காரணம் எளியது. மாநிலங்களுக்கிடையிலான நர்ஸ் உரிம ஒப்பந்தத்தில் ஃபுளோரிடா இருக்கிறது, வாஷிங்டன் 2023இல் சேர்ந்தது, ஓரிகன் சேரவில்லை.

இந்த விசித்திரத்தின் வேர் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. மக்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கும் பொது அதிகாரத்தை அமெரிக்கா தன் மாநிலங்களிடமே விட்டுவைத்திருக்கிறது. தொழில் உரிமமும் அதற்குள் அடங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1889இல். ஃபிராங்க் டென்ட் என்பவர் மேற்கு விர்ஜினியாவில் 1876 முதல் வைத்தியம் பார்த்து வந்தார். பிறகு அந்த மாநிலம் சட்டம் போட்டது: நல்ல பெயருள்ள மருத்துவக் கல்லூரியின் பட்டம் இருக்க வேண்டும், அல்லது மாநிலத்துக்குள்ளேயே பத்தாண்டு தொடர்ந்து தொழில் செய்திருக்க வேண்டும், அல்லது தேர்வு எழுத வேண்டும். டென்ட்டுக்குப் பத்தாண்டு நிறையவில்லை. பக்கத்து மாநிலமான ஒஹையோவின் சின்சினாட்டியில் உள்ள கல்லூரி ஒன்றின் பட்டத்தைக் காட்டினார். அந்தக் கல்லூரியை ஏற்க மாநில சுகாதார வாரியம் மறுத்துவிட்டது. உரிமமில்லாமல் தொழில் செய்ததற்காக 50 டாலர் அபராதம். நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட் எழுதிய தீர்ப்பு வாரியத்தின் பக்கம் நின்றது. மாற்றுக் கருத்து சொன்ன நீதிபதி ஒருவரும் இல்லை.

அந்த வழக்கை மருத்துவ வரலாற்றில் போலி வைத்தியத்துக்கு எதிரான வெற்றியாகச் சொல்வது வழக்கம். வேலை தேடுபவரின் பக்கம் நின்று பார்த்தால் அதில் வேறொன்று தெரியும். வெளிமாநிலம் ஒன்று கொடுத்த தாளை இந்த மாநிலம் எதற்கு நம்ப வேண்டும் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. நம்பவேண்டிய கட்டாயமில்லை என்று விடை வந்தது. நூற்று முப்பது ஆண்டுகளாக விண்ணப்பதாரர்கள் அந்த விடைக்குத்தான் கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

நர்ஸ் தொழிலில் முதல் பதிவுச் சட்டத்தை 1903இல் வட கரோலினா கொண்டுவந்தது. அதே ஆண்டில் நியூ ஜெர்சி, நியூயார்க், விர்ஜினியா மாநிலங்களும் தொடர்ந்தன. ஆரம்பத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று தேர்வு வைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நர்ஸ்கள் விரைவாகத் தேவைப்பட்டபோது, 1944இல், மாநில நர்ஸ் வாரியங்கள் சேர்ந்து பொதுத் தேர்வு ஒன்றைத் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும் அதற்கு வந்துவிட்டன. அந்தத் தேர்வின் வாரிசுதான் 1982இல் வந்த என்கிளெக்ஸ். 1994 முதல் கணினியில் நடக்கிறது. மேய்ன் மாநிலத்தில் எழுதினாலும் டெக்சாஸில் எழுதினாலும் தேர்வும் அதன் தேர்ச்சி வரம்பும் ஒன்றே. திறமையை அளக்கும் வேலை பல பத்தாண்டுகளுக்கு முன்பே நாடு முழுவதற்கும் ஒன்றாகிவிட்டது.

பிறகு மாநிலம் மாறும் நர்ஸ் எதற்காக வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்?

'எண்டார்ஸ்மெண்ட்' என்று அவர்கள் அழைக்கும் நடைமுறையை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தால் விடை தெரியும். தேர்வு மறுபடி எழுத வேண்டியதில்லை. பழைய மாநிலத்தில் உரிமம் செல்லுபடியாக இருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று நர்சிஸ் என்ற பொதுத் தரவுத்தளம் வழியாகப் புதிய மாநிலத்துக்குச் சான்று போக வேண்டும். ஓர் உரிமத்துக்கு ஒரு மாநிலத்துக்கு 30 டாலர். விண்ணப்பக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் 350 டாலர். அதன்மேல் உள்ளூர்ச் சட்டமன்றங்கள் அவ்வப்போது சேர்த்துவிட்ட பாடங்கள். பென்சில்வேனியாவுக்குக் குழந்தைக் கொடுமையைக் கண்டறிவது பற்றிய 3 மணி நேரப் பயிற்சி வேண்டும். நியூயார்க்குக்குத் தொற்றுத் தடுப்புப் பாடமும் சேர்த்து வேண்டும். டெக்சாஸுக்கு அந்த மாநில நர்ஸ் சட்டம் பற்றிய தனித் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு காலத்தில் செய்தித்தாளை உலுக்கிய சம்பவம் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சேர்ப்பதற்கு எல்லோருக்கும் மனம் இருக்கிறது, நீக்குவதற்குத்தான் ஆளில்லை.

பிறகு கைரேகை. விண்ணப்பதாரர் அந்த மாநிலத்திலேயே இருந்தால் கண்ணாடித் தட்டில் விரலை வைத்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். வெளிமாநிலத்திலிருந்து விண்ணப்பிப்பவர் பல நேரம் எஃப்.டி.-258 என்ற அட்டையில், ஒவ்வொரு விரலையும் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மையில் உருட்டிப் பதித்து, தபாலில் அனுப்ப வேண்டும். இங்கே நர்ஸ்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஒரு பணிநேரத்தில் எத்தனையோ முறை சோப்பும் ஆல்கஹாலும் போட்டுக் கழுவிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். குற்றப் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ., தெளிவில்லை என்று அட்டையைத் திருப்பி அனுப்பும். மறுபடி பதித்து அனுப்பி, அதுவும் திரும்பினால்தான் பெயரை வைத்துத் தேடும்படி கேட்க முடியும். சுத்தமாகக் கை கழுவிய நர்ஸுக்குத்தான் இந்தத் தாமதம்.

இந்தப் பட்டியலில் நர்ஸின் அறிவைச் சோதிப்பது ஏறக்குறைய எதுவும் இல்லை. பெரும்பாலானவை அவருடைய கடந்த காலத்தைச் சோதிப்பவை. இந்த வேறுபாட்டை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். உரிமச் சீர்திருத்தம் பற்றிய விவாதங்களில் பெரும்பாலானவை தகுதித் தரத்தைப் பற்றியே பேசுகின்றன. எல்லையில் நடக்கும் தகராறோ யாருடைய பதிவேட்டை யார் நம்புவது, தவறு செய்தால் யார் தண்டிப்பது என்பதைப் பற்றியது.

வேலை விண்ணப்பத்தில் இது எப்படி வந்து முட்டுகிறது என்பதையும் பார்க்கலாம். மருத்துவமனையின் இணைய விண்ணப்பப் படிவத்தில் "இந்த மாநில உரிமம் உங்களிடம் உள்ளதா?" என்று ஒரு கேள்வி இருக்கும். விடை ஆம், இல்லை என்ற இரண்டே கட்டம். இல்லை என்று குத்தினால் பல இடங்களில் விண்ணப்பம் மனிதக் கண்ணுக்கே போகாமல் ஒதுங்கிவிடும். வேலை உறுதியாகாமல் கட்டணமும் பயிற்சிச் செலவும் செய்து உரிமம் எடுப்பதா, உரிமம் எடுக்காமல் வேலை கேட்பதா? அனுபவசாலிகள் மூன்றாவது வழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். போக விரும்பும் ஒரே மாநிலத்தைத் தீர்மானித்து, எண்டார்ஸ்மெண்ட் விண்ணப்பத்தை முதலில் போட்டுவிடுவது. தற்குறிப்பின் தலைப்பகுதியிலேயே விண்ணப்பித்த தேதியையும் வாரியம் கொடுத்த விண்ணப்ப எண்ணையும் எழுதுவது. ஆள்சேர்ப்பு அலுவலரைத் தொலைபேசியில் பிடித்து, சேரும் தேதிக்குள் உரிமம் வந்தால் போதுமா என்று கேட்டுக்கொள்வது. ஆள் பற்றாக்குறை உள்ள பிரிவுகளில் போதும் என்றுதான் சொல்வார்கள். சில மாநிலங்கள் தற்காலிக உரிமமும் தருகின்றன. ஒப்பந்த முறையில் ஊர் ஊராகப் போகும் நர்ஸ்களுக்கு இந்தச் செலவை அனுப்பும் நிறுவனங்கள் ஈடுகட்டுவதுண்டு. சொந்தக் காரணத்துக்காக, நோயுற்ற தாயைப் பார்க்கவோ கணவரின் வேலை மாற்றத்துக்காகவோ இடம்பெயர்பவர் தன் கையிலிருந்துதான் போட வேண்டும்.

இந்த அலைச்சலுக்கு மருந்தாக 2000ஆம் ஆண்டில் மேரிலாந்து, டெக்சாஸ், யூட்டா, விஸ்கான்சின் மாநிலங்கள் தொடங்கியதுதான் நர்ஸ் உரிம ஒப்பந்தம். ஓட்டுநர் உரிமத்தைப் போல: குடியிருக்கும் மாநிலம் உரிமம் தரும், மற்ற உறுப்பு மாநிலங்கள் அதை ஏற்கும், ஓட்டும் இடத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். பழைய ஒப்பந்தத்தில் குற்றப் பின்னணிச் சோதனை எல்லா மாநிலத்திலும் கட்டாயமாக இருக்கவில்லை. அதனாலேயே பல மாநிலங்கள் ஒதுங்கி நின்றன. கைரேகைச் சோதனை உள்ளிட்ட 11 பொதுத் தகுதிகளோடு திருத்திய ஒப்பந்தம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு வேகம் பிடித்தது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதற்குச் சட்டம் இயற்றியுள்ளன. இயற்றுவதற்கும் நடப்புக்கு வருவதற்கும் இடையே தூரம் உண்டு: பென்சில்வேனியா 2021இல் சட்டம் போட்டது, முழுமையாக நடைமுறைப்படுத்தியது 2025 ஜூலையில். கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய், மிச்சிகன், மினசோட்டா, ஓரிகன் வெளியே நிற்கின்றன.

ஒப்பந்தத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. வேலை மாறுபவர்கள் இதில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பலமாநில உரிமம் குடியிருப்போடு கட்டப்பட்டது. டெக்சாஸ் நர்ஸ் கொலராடோவில் மூன்று மாதம் வேலை பார்த்துத் திரும்பலாம். கொலராடோவுக்கே குடிபெயர்ந்துவிட்டால் 60 நாளுக்குள் அங்கே புதிய உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கலிபோர்னியாவுக்குக் குடிபோனால் பலமாநிலச் சலுகையே போய்விடும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வரிக் கணக்கு இவற்றில் எந்த முகவரி இருக்கிறதோ அதுவே சாட்சி. இரண்டு ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் இதைச் சாதாரணமாக நினைத்துவிடக்கூடாது.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகு நர்ஸ்கள் தாராளமாக மாநிலம் மாறினார்களா? ஆய்வுகள் இங்கே எதிர்பாராத இடத்துக்குக் கொண்டுபோகின்றன. ஜானா ஜான்சன், மோரிஸ் கிளைனர் இருவரும் 22 உரிமத் தொழில்களை எடுத்துக்கொண்டு 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாநிலத்துக்கென்று தனித் தேர்வு உள்ள தொழில்களில் இருப்பவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் போகும் விகிதம் மற்றவர்களைவிட 36 சதவீதம் குறைவு. நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு உள்ள தொழில்களில் அப்படிப்பட்ட குறைவு தென்படவில்லை. கிறிஸ்டினா டிபாஸ்குவாலே, கெவின் ஸ்டாஞ்ச் 2016இல் நர்ஸ் ஒப்பந்தத்தையே நேரடியாகச் சோதித்தார்கள். ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்களில் நர்ஸ்களின் இடப்பெயர்வோ பணியாற்றும் அளவோ கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. எல்லையோர மாவட்டங்களில் கூட இல்லை.

ஒப்பந்தத்தின் எதிர்ப்பாளர்கள் இதைக் காட்டி, தேவையில்லாத ஏற்பாடு என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. 1944இலேயே பெரிய சுவர் இடிந்துவிட்டது என்பதைத்தான் இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து சொல்கின்றன. மீதி இருப்பது முட்டியளவு வேலி. குடும்பத்தோடு வேறு மாநிலம் போக முடிவு செய்தவர் அதைத் தாண்டியே தீருவார். ஆகவே இடப்பெயர்வுக் கணக்கில் அது தெரியாது. தாண்டும்வரை இழந்த சம்பளமும், 'இல்லை' கட்டத்தில் கைவிட்ட விண்ணப்பமும் குடிபெயர்வை எண்ணும் கணக்கில் விழ வழியில்லை. வீட்டுக்குத் திரும்பிய நோயாளியை எல்லைக்கு அப்பாலிருந்து அழைத்து மருந்து பற்றிப் பேசும் நர்ஸும் அப்படித்தான். சட்டத்தின் பார்வையில் பணி நடப்பது நோயாளி இருக்கும் மாநிலத்தில். நாற்காலியை விட்டு எழாமலே அவருக்கு இன்னோர் உரிமம் தேவைப்பட்டுவிடுகிறது.

இவ்வளவு தொல்லையையும் வைத்துக்கொண்டு, கடந்த காலத்தைச் சோதிக்கும் வேலையை மாநிலங்கள் ஏன் விடவில்லை? சார்ல்ஸ் கல்லன் கதையைப் படித்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா இரண்டிலும் நர்ஸாக இருந்த அவர், 1988 முதல் 2003 வரை ஒன்பது மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்திலும் பணியாற்றினார். நோயாளிகளுக்கு இதய மருந்தையும் இன்சுலினையும் அளவுக்கு மீறி ஏற்றிக் கொன்றார். 29 கொலைகளை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். டெலவேர் ஆற்றுக்கு இப்பக்கமும் அப்பக்கமுமாக மாறிக்கொண்டே இருந்தார். ஒரு மருத்துவமனை சந்தேகப்பட்டால் ராஜினாமா செய்யச் சொல்லும். அடுத்த மருத்துவமனை கேட்டால் பணிபுரிந்த தேதிகளை மட்டும் உறுதி செய்யும். வழக்குக்குப் பயந்த நிர்வாகங்கள் வாரியத்திடம் வாய் திறக்கவில்லை. இரண்டு மாநிலத்திலும் அவரிடம் முறையான உரிமம் இருந்தது என்பதுதான் இதில் உறைய வைப்பது. கைரேகையும் கட்டணமும் ஒரு கொலையைக்கூடத் தடுக்கவில்லை, ஏனென்றால் பதிவேட்டில் எதுவும் ஏறவே இல்லை. நியூ ஜெர்சி 2005இல் மருத்துவமனைகள் சந்தேகத்துக்குரிய ஊழியரைப் பற்றி வாரியத்துக்கும், கேட்கும் மற்ற மருத்துவமனைக்கும் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது.

இந்தக் கதையிலிருந்து மாநில உரிமமே தேவையில்லை என்றோ, இன்னும் இறுக்க வேண்டும் என்றோ முடிவுக்குப் போவது எளிது. இரண்டும் பிசகு. எல்லையில் வைக்கும் சோதனை, அதற்கு முன் யாராவது உண்மையை எழுதி வைத்திருந்தால் மட்டுமே பயன்படும். எழுதிவைத்தால் அது பயணம் செய்கிறது: ஒரு மாநிலம் எடுக்கும் நடவடிக்கையைக் காட்டியே மற்ற மாநிலங்களும் நடவடிக்கை எடுக்கலாம். ஐந்து மாநில உரிமம் வைத்திருப்பவர் மீது ஒரு புகார் நிரூபணமானால் ஐந்தும் ஆட்டம் காணும். விண்ணப்பத்தில் பழைய நடவடிக்கையை மறைப்பதே தனிக் குற்றமாகும் என்பதால், சின்னக் கண்டனமாக இருந்தாலும் எழுதிவிடுவதே நல்லது.

ஒப்பந்தத்துக்குக் கலிபோர்னியா காட்டும் எதிர்ப்புக்கு வேறு முகம் உண்டு. ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்ற வரம்பை 1999இல் சட்டமாக்கி 2004 முதல் நடைமுறைப்படுத்திய மாநிலம் அது. தீவிர சிகிச்சையில் இருவருக்கு மேல் கூடாது. அங்குள்ள நர்ஸ் சங்கம் ஒப்பந்தத்தைத் தொழிலாளர் பேர வலிமையைக் குறைக்கும் கருவியாகப் பார்க்கிறது: வேலைநிறுத்தம் வந்தால் நிர்வாகம் வெளிமாநில ஆட்களை மறுநாளே இறக்கிவிடும் என்கிறது. அந்த அச்சத்தைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் நோயாளியின் பாதுகாப்பு என்று சொல்லி வாங்கிய உரிமச் சட்டத்தைச் சம்பளப் பேரத்துக்கு அரணாக்கினால், அதன் விலையை இடம்பெயரும் நர்ஸும் சேர்ந்தே கொடுக்கிறார்.

அரண் எவ்வளவு கெட்டியானது என்பது கொரோனா பெருந்தொற்று பரவிய 2020 மார்ச்சில் தெரிந்தது. நியூயார்க் ஆளுநர் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். வேறெந்த மாநில உரிமம் வைத்திருக்கும் மருத்துவரும் நர்ஸும் அங்கே பணியாற்றலாம் என்றானது.

இந்தியாவிலிருந்து போகும் நர்ஸ்களுக்கு இந்த எல்லைக் கணக்கு ஊரை விட்டுக் கிளம்புமுன்பே தொடங்கிவிடுகிறது. என்கிளெக்ஸைச் சென்னையிலேயே எழுதலாம். ஆனால் எந்த மாநிலத்தின் பெயரில் எழுதுவது? அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் இன்னும் கையில் இல்லாதவர்களுக்கு நியூயார்க் போன்ற சில மாநிலங்களே எளிதாக உரிமம் தருகின்றன. நியூயார்க் ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பது. விசா வந்து, வேலை கொடுத்தவர் டெக்சாஸில் இடம் ஒதுக்கினால், ஒருநாள் கூடப் பயன்படுத்தாத நியூயார்க் உரிமத்தைக் காட்டி எண்டார்ஸ்மெண்ட் போட வேண்டும். நம் ஊரிலும் இது புதிதில்லை. தமிழ்நாட்டு நர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தவர் வேறு மாநிலத்துக்குப் போனால் தடையில்லாச் சான்று வாங்கி அங்கே பதிய வேண்டியிருக்கிறது. வழக்கறிஞருக்கோ 1961ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுக்கத் தொழில் செய்யும் உரிமை தருகிறது. பார் கவுன்சில் மாறினால் கட்டணம்கூடக் கூடாது என்கிறது அதே சட்டம். அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே மிகக் கடுமையாக எல்லை காப்பவர்கள் வழக்கறிஞர்கள்தான். நியூ ஹாம்ப்ஷையர் எல்லையிலிருந்து ஏறத்தாழ 400 கெஜ தூரத்தில், வெர்மாண்டில் குடியிருந்த கேத்ரின் பைப்பர், நியூ ஹாம்ப்ஷையர் வழக்கறிஞர் தேர்வில் தேறியும் வெளியூர்க்காரர் என்பதால் மறுக்கப்பட்டார். 1985இல் உச்ச நீதிமன்றம் குடியிருப்பு நிபந்தனையை நீக்கியது. தேர்வை நீக்கவில்லை.

அமெரிக்காவின் ஒன்றிய அரசு இந்தக் களத்தில் கால் வைத்தது மிக அண்மையில். ராணுவத்தினர் அடிக்கடி மாற்றப்படுவதால் அவர்களுடைய துணைவர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் புதிதாக உரிமம் தேட வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் கையெழுத்தான சட்டம், ராணுவ உத்தரவின் பேரில் இடம் மாறும் குடும்பத்தினரின் தொழில் உரிமம் புதிய மாநிலத்திலும் செல்லும் என்றது. அதே ஆண்டு டெக்சாஸில் பள்ளி ஆலோசகர் ஒருவர் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்து வென்றார். வழக்கறிஞர் உரிமத்துக்கு மட்டும் அப்போது இந்தச் சலுகை தரப்படவில்லை. மற்றவர்களுக்கும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பணித் தரம், ஒழுங்கு நடவடிக்கை, தொடர் கல்வி இவற்றில் புதிய மாநில வாரியத்தின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். உரிமத்தை எல்லை தாண்ட விட்ட அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், தண்டிக்கும் அதிகாரத்தை மட்டும் மாநிலத்தின் கையிலிருந்து எடுக்கவில்லை.